கழுவக் கூடாத கிழங்கு

1788ஆம் ஆண்டு ஜூன் 7. தென்கிழக்கு பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் மக்கள் வீட்டுக் கூரைமேல் ஏறி, ஓடுகளைப் பெயர்த்துச் சிப்பாய்களின் தலையைக் குறிபார்த்து எறிந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னோட்டம் என்று பின்னாளில் பேசப்பட்ட ‘ஓடுகளின் நாள்’ அது. தோஃபினே மாகாணத்தின் படைத்தலைவராக இருந்த கிளெர்மோன்-தொன்னேர் கோமகனின் மாளிகைக்குள்ளும் கூட்டம் புகுந்து சூறையாடியது. ஐந்து வாரம் கழிந்தது. ஜூலை 12 அன்று அதே கோமகன், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கும் காப் என்ற ஊரில் நகராட்சி அதிகாரிகளைக் கூப்பிட்டு விருந்து வைத்தார். ஒர்த்தோலான் என்ற சின்னஞ்சிறு பறவையும், அதற்குத் துணையாக உருளைக்கிழங்கு கிராத்தனும் பரிமாறப்பட்டன. ‘கிராத்தன் தோஃபினுவா’ என்ற பெயர் எழுத்தில் ஏறியது அந்த விருந்தில்தான் என்பார்கள். மாளிகை சூறையாடப்பட்ட மனிதர் ஐந்தே வாரத்தில் அமர்ந்து ரசித்துச் சாப்பிட்ட பண்டம் என்றால், அதில் ஏதோ ஆறுதல் இருந்திருக்கத்தான் வேண்டும்.

அப்போது பாரிஸில் உருளைக்கிழங்குக்கு நற்சான்று கிடைத்துப் பதினாறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஏழாண்டுப் போரில் பிரஷ்யர்களிடம் சிறைப்பட்டு, அங்கே கொடுத்த உருளைக்கிழங்கைத் தின்று உயிர்பிழைத்த மருந்தாளர் அந்துவான் பார்மான்தியே, ஊர் திரும்பியதும் அந்தக் கிழங்குக்காக வாதாடத் தொடங்கினார். 1772இல் பாரிஸ் மருத்துவப் புலம் ‘சாப்பிடலாம், ஆபத்தில்லை’ என்று அறிவித்தது. தோஃபினேக்காரர்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. வேளாண்மை அறிஞர் ஒலிவியே தெ செர் 1600ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலேயே, சுவிட்சர்லாந்திலிருந்து அண்மையில் தோஃபினேக்கு வந்து சேர்ந்த புதுக் கிழங்கு என்று இதைப் பற்றி எழுதிவிட்டார். குளிர்ந்த மலை நிலம், மேய்ச்சல் புல்வெளி, கறவை மாடு. கிழங்கும் பாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஊரில் இரண்டும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்ததில் வியப்பில்லை.

செய்முறை ஒரு மூச்சில் சொல்லிவிடக் கூடியது. பீங்கான் பாத்திரத்தின் உட்புறம் முழுக்கப் பூண்டுப் பல்லை நறுக்கித் தேய்க்க வேண்டும். மேலே வெண்ணெய் பூச வேண்டும். ஒரு கிலோ உருளைக்கிழங்கைத் தோல் சீவி 3 மில்லிமீட்டர் கனத்தில் வில்லைகளாக அரிந்து அடுக்க வேண்டும். 400 மில்லி பாலையும் 300 மில்லி கிரீமையும் கலந்து, உப்பும் மிளகுத்தூளும் துளி ஜாதிக்காய்த் துருவலும் போட்டு, கிழங்கு மூழ்கும் அளவுக்கு ஊற்ற வேண்டும். 150இலிருந்து 160 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓவனில் ஒன்றேகால் மணி நேரம். அவ்வளவுதான்.

வெளியே வரும்போது மேற்பரப்பு பொன்னிறமாக, அங்கங்கே பழுப்புப் புள்ளிகளோடு இருக்கும். கரண்டியை இறக்கினால் வில்லைகள் உருக்குலையாமல், ஆனால் பட்டும் படாமலும் விலகும். அவற்றுக்கு இடையே வழவழவென்று கெட்டியான சாறு. மைதா போடவில்லை, சோளமாவு கரைக்கவில்லை, முட்டை அடித்து ஊற்றவில்லை. ஊற்றியது தண்ணீர் போன்ற பாலும் ஊற்றினால் தாராளமாக ஓடும் கிரீமும். பிறகு இந்தக் கெட்டித்தன்மை எங்கிருந்து வந்தது?

கத்தியிலிருந்து வந்தது என்று சொன்னால் பாதி சரி.

உருளைக்கிழங்கின் சதையை நுண்ணோக்கியில் வைத்தால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, பத்தில் இரண்டு பங்கு அளவுள்ள செல்கள் நெருக்கியடித்து நிற்பது தெரியும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மாவுச்சத்து மணிகள். முட்டை வடிவில், சிப்பியின் ஓட்டில் இருப்பதைப் போன்ற வளையங்களோடு, பெரிய மணிகள் 100 மைக்ரோமீட்டர் வரை நீளும். அரிசியின் மாவுச்சத்து மணி பத்து மைக்ரோமீட்டரைக்கூடத் தொடாது. சமையலறைக்கு வரும் மாவுச்சத்துகளில் உருளைக்கிழங்கினுடையதுதான் மிகப் பருமனானது. கத்தி ஒருமுறை இறங்கும்போது, அது போகும் வழியில் உள்ள ஒரு வரிசைச் செல்களைப் பிளந்துவிடுகிறது. உள்ளே இருந்த மணிகள் வெளியே கசிகின்றன. அரிந்த வில்லையை விரலால் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுக்கும். காய்ந்ததும் விரலில் வெள்ளைப் பொடி படியும். அதுதான் அந்த மணி.

எவ்வளவு கசியும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ கிழங்கை 3 மில்லிமீட்டர் வில்லைகளாக்கினால், கத்தி கடந்த பரப்பு மட்டும் ஏறத்தாழ 3,000 சதுர சென்டிமீட்டர். ஒரு செல்லின் கனத்தை அதோடு பெருக்கினால், கிழங்கில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு பிளவுபட்டிருக்கும். கிலோவுக்கு 150 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொண்டால், வில்லைகளின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பது 7 கிராம் வரை. ஒரு மேசைக்கரண்டி சோளமாவைவிடச் சற்றே குறைவு. சமையல்காரர் பாத்திரத்தில் மாவு எதுவும் போடவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கையில் கத்தி அந்த வேலையை முடித்துவிடுகிறது.

இந்த 7 கிராமைத்தான் பலர் குழாயடியில் விட்டுவிடுகிறார்கள். உருளைக்கிழங்கை அரிந்தவுடன் தண்ணீரில் போடுவது நம் வீட்டுப் பழக்கம். வறுவலுக்கும் சிப்ஸுக்கும் அது சரி. மேலே ஒட்டிய மாவு போனால்தான் வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டாது, சீராக மொறுமொறுக்கும். இங்கே அதே பழக்கம் பண்டத்தைக் கெடுக்கிறது. தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துப் போகுமே என்ற பயம் நியாயமானது. கிழங்கில் உள்ள பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, காற்றுப் பட்டதும் டைரோசினைக் கருநிறப் பொருளாக மாற்றுகிறது. ஆனால் காற்றைத் தடுக்கத் தண்ணீர்தான் வேண்டும் என்று யார் சொன்னது? அரிய அரிய நேராகப் பாலுக்குள் போட்டால் காற்றும் படாது, கசிந்த மாவும் பாத்திரத்தை விட்டுப் போகாது. தோல் சீவுவதற்கு முன்பு எத்தனை முறை வேண்டுமானாலும் கழுவிக்கொள்ளலாம். கத்தி பட்ட பிறகு கூடாது.

பால் சூடாகி 60 டிகிரியைத் தாண்டும்போது மணிகள் தண்ணீரை உறிஞ்சி உப்பத் தொடங்குகின்றன. உருளைக்கிழங்கு மாவுச்சத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அதன் அமைலோபெக்டின் மூலக்கூறுகளில் பாஸ்பேட் தொகுதிகள் தொற்றிக்கொண்டிருக்கின்றன. அவை மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அதனால் மணி தாராளமாக விரிகிறது, ஏராளமாகத் தண்ணீர் குடிக்கிறது. சோளமாவைவிடக் குறைந்த சூட்டில், அதைவிட அதிகமாகக் கெட்டிப்படுத்துகிறது. வில்லைகளுக்கு உள்ளே இருக்கும் மணிகளும் இதே நேரத்தில் பருத்து, செல்லை நிரப்புகின்றன. ஆனால் அவற்றால் கிழங்கு வேகாது. கிழங்கு வேக, செல்லுக்கும் செல்லுக்கும் இடையே உள்ள பிடி தளர வேண்டும்.

செங்கற்களுக்கு நடுவே சுண்ணாம்புச் சாந்து எப்படியோ, அப்படிச் செல்களுக்கு நடுவே பெக்டின். அது நன்றாகக் கரையத் தொடங்க 80 டிகிரிக்கு மேல் சூடு தேவை. இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 55 முதல் 70 டிகிரி வரையிலான இடைவெளியில் கிழங்கின் சொந்த நொதியான பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் சுறுசுறுப்பாகி, பெக்டினைக் கால்சியத்தோடு பிணைந்துகொள்ளும்படி மாற்றிவிடுகிறது. அப்படிப் பிணைந்த பெக்டின் அப்புறம் கொதிநிலையிலும் எளிதில் கரையாது. அதாவது, மெல்லச் சூடேற்றினால் கிழங்கு உறுதியாகிறது. 1950களில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் பிலடெல்ஃபியா அருகே உருவாக்கிய உடனடி மசியல் சீவல், இந்த இடைவெளியை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்கிறது. கிழங்குத் துண்டுகளை முதலில் 70 டிகிரிக்கு அருகே ஊறவைத்து, ஆறவைத்து, அதன் பிறகே ஆவியில் வேகவைப்பார்கள். செல்கள் உடையாமல் இருந்தால்தான் மசியல் பசையாகாது.

150 டிகிரி ஓவனில் வைத்த கிராத்தனும் அறியாமல் இதையே செய்கிறது. குளிர்ந்த பாலில் மூழ்கிய அடுக்கின் நடுப்பகுதி, அந்த இடைவெளியை நிதானமாகக் கடக்கிறது. போதாக்குறைக்கு 100 மில்லி பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பெக்டின் பிணைப்புக்கு அதுவும் கைகொடுக்கிறது. பாலில் வேகும் கிழங்கு தண்ணீரில் வேகும் கிழங்கைவிட நேரம் எடுப்பதற்கும், ஒன்றேகால் மணி நேரம் வெந்த பிறகும் வில்லை வில்லையாகவே நிற்பதற்கும் இதுதான் காரணம். அவசரக்காரர்கள் அடுப்பிலேயே பாலைக் கொதிக்கவிட்டு அதில் வில்லைகளைப் பத்து நிமிடம் வேகவைத்து, பிறகு ஓவனில் தள்ளுவார்கள். அதுவும் நல்ல முறைதான். சாறு முன்கூட்டியே கெட்டிப்பட்டுவிடும், நேரம் மிச்சம். ஓரங்கள் கொஞ்சம் சிதையும், அவ்வளவே.

புளி ஊற்றிய பிறகு காய் வேகாது என்று தமிழ்ச் சமையலறையில் சொல்வார்களே, அதற்கும் பெக்டின்தான் மூலம். அமிலச் சூழலில் பெக்டின் சிதைவு மந்தப்படுகிறது. கிராத்தனில் புளிப்பான எதையும் சேர்க்காமல் இருப்பதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், பால் திரிந்துவிடும்.

திரிவதுதான் இந்தப் பண்டத்தின் பெரிய ஆபத்து. கிழங்கு வெந்திருக்கும், மேலே நிறமும் வந்திருக்கும், கரண்டியை விட்டால் வெள்ளைத் துணுக்குகளும் மோர்த் தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும். பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அது நுண்ணிய உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது; ஒன்றையொன்று விலக்கிக்கொண்டிருக்கும் வரை பால் பாலாக இருக்கும். புளிப்பு ஏறினாலோ, சூடு நீடித்தாலோ, உப்பும் கால்சியமும் செறிந்தாலோ அந்த விலகல் குலைந்து உருண்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. கிழங்கோ லேசான அமிலத்தன்மை கொண்டது. அதில் குளோரோஜெனிக் அமிலம் போன்ற ஃபீனால் சேர்மங்களும் உண்டு. அவை புரதத்தைத் திரளச் செய்யக்கூடியவை. பாலை மட்டும் ஊற்றிக் கிழங்கை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் திரியாமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

கிரீம் இங்கே காவலுக்கு வருகிறது. கெட்டி கிரீமில் 35 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு. பசும்பாலில் நாலு சதவீதம் இருந்தால் அதிகம். கொழுப்புத் துளிகள் அவ்வளவு கூட்டமாக இருக்கும்போது, கேசீனில் பெரும்பகுதி அவற்றின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. தயிர்க்கட்டி போலத் திரளுவதற்குத் தனித்த கேசீன் மிச்சமில்லை. அதனால்தான் கெட்டி கிரீமை ஒயினோடும் எலுமிச்சையோடும் கொதிக்கவிட்டாலும் பொறுத்துக்கொள்கிறது. கிரீமின் செல்வாக்கு ருசியில் மட்டும் என்று நினைப்பவர்கள் அதைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தால் தெரிந்துகொள்வார்கள். கசிந்த மாவுச்சத்தும் இந்தக் காவலில் பங்கெடுக்கிறது. கேசீன் உருண்டைகளுக்கு இடையே புகுந்து அவற்றை நெருங்கவிடாமல் தடுக்கிறது. அமெரிக்காவில் இதன் ஒன்றுவிட்ட உறவான ‘ஸ்கேலப்டு பொட்டேட்டோ’வைப் பல வீடுகளில் வெறும் பாலில் செய்வார்கள். கிரீம் இல்லாத குறையை மைதா நிரப்புகிறது. வெண்ணெயில் மைதாவை வதக்கிப் பால் ஊற்றிக் காய்ச்சிய சாஸைத்தான் கிழங்கின் மேல் ஊற்றுவார்கள். சிக்கனமான வழி, ஆனால் வாயில் மாவு தட்டும்.

இந்தியக் கடைகளில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் கிரீமில் பெரும்பாலும் 25 சதவீதக் கொழுப்புதான், நிலைப்படுத்திகளும் சேர்த்திருப்பார்கள். அதை வைத்தே செய்யலாம். பாலைக் குறைத்து கிரீமைக் கூட்ட வேண்டும், ஓவன் சூட்டை 150க்கு மேல் ஏற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சூட்டைக் குறைத்து வைப்பது எல்லா கிரீமுக்கும் பொருந்தும். ஓவன் காட்டும் எண் 150 ஆனாலும் 200 ஆனாலும், பாத்திரத்துக்குள் தண்ணீர் இருக்கும் வரை சாறு 100 டிகிரியைத் தாண்டப் போவதில்லை. ஒவ்வொரு கிராம் நீரும் ஆவியாகும்போது 2,260 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். 200இல் வைத்தால் கிழங்கு சீக்கிரம் வேகும் என்பது பெருமளவு பிரமை. நடப்பது வேறு. சாறு தளதளவென்று கொதிக்கும், தண்ணீர் வேகமாக வற்றும், கடைசியில் கொழுப்புத் துளிகளைப் பிரித்து வைக்க நீர் போதாமல் நெய் மேலே மிதக்கும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் ஓரமாக நாலைந்து கரண்டி சூடான பாலை ஊற்றினால் ஓரளவு மீட்கலாம்.

மேற்பரப்பின் கதை தனி. அங்கே முதலில் ஆடை படிகிறது, காய்ச்சிய பாலில் படியும் அதே ஆடைதான். அது உலர்ந்த பிறகே 100 டிகிரி என்ற வேலி உடைந்து வெப்பம் மேலேறுகிறது. அப்போது பாலில் இருக்கும் சர்க்கரையான லாக்டோஸும் கேசீனின் அமினோ தொகுதிகளும் வினைபுரிந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் பழுப்பு நிறத்தையும் தருகின்றன. 1912இல் இதை முதலில் விவரித்த லூயி கமீல் மயார் பிரெஞ்சு வேதியியலாளர்தான், ஆனால் அவர் தேடியது சமையல் ரகசியம் எதையும் அன்று. உயிரணுக்கள் புரதத்தை எப்படி உருவாக்குகின்றன என்று ஆராயப் போன இடத்தில் இது அகப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் நிறத்துக்கும் வாசத்துக்கும் இதே மயார் வினை காரணம்.

நிறம் பொன்னாக இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. 2002 ஏப்ரலில் ஸ்வீடன் உணவுத் துறையும் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு செய்தியை வெளியிட்டன: வறுத்த, சுட்ட மாவுப் பண்டங்களில், அதிலும் உருளைக்கிழங்கில், அக்ரிலமைடு உருவாகிறது. கிழங்கில் தாராளமாக உள்ள அஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேல் சந்திப்பதால் வருவது அது. கிராத்தனில் சாற்றுக்குள் மூழ்கிக் கிடக்கும் வில்லைகள் அந்தச் சூட்டைத் தொடுவதே இல்லை. மேலே துருத்திக்கொண்டிருக்கும் ஓரங்கள்தான் கவனிக்க வேண்டியவை. வில்லைகளை அமுக்கி மூழ்கடிக்கச் சொல்வது அதற்கும் சேர்த்துத்தான். வீட்டு ஓவன்களில் மேல்கம்பி பாத்திரத்துக்கு மிக அருகில் இருக்கும் என்பதால் முதல் அரை மணி நேரம் அலுமினியத் தாள் போட்டு மூடுவது பயன்தரும்.

கிழங்கை எங்கே வைத்திருந்தீர்கள் என்பதும் நிறத்தைத் தீர்மானிக்கிறது. இந்தியச் சமவெளியில் பிப்ரவரி, மார்ச்சில் தோண்டிய கிழங்கு குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் இருந்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறது. ஃபிரிட்ஜ் அளவுக் குளிரில் கிழங்கு தன் மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாற்றும். அத்தகைய கிழங்கு இனிக்கும், சீக்கிரம் கருகும், அக்ரிலமைடையும் அதிகம் தரும். வாங்கி வந்ததை ஃபிரிட்ஜில் வைக்காமல் இருட்டான மூலையில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பூண்டை ஏன் தேய்க்க வேண்டும், நறுக்கிப் போட்டால் ஆகாதா? ஆகும், ருசி வேறாக இருக்கும். பூண்டின் காரம் பல்லுக்குள் தயாராக இருப்பதில்லை. செல் நசுங்கும்போது அல்லினேஸ் என்ற நொதி, அல்லின் என்ற சேர்மத்தைச் சந்தித்து, நொடிகளில் அல்லிசினாக மாற்றுகிறது. பாத்திரத்தில் தேய்ப்பது முழுக்க நசுக்கல்தான். துளிப் பூண்டிலேயே வாசம் எழும்பும். முழுப் பல்லைப் பாலில் போட்டுக் காய்ச்சினால், நசுங்குவதற்கு முன்பே நொதி சூட்டில் செத்துவிடும். மிதமான, இனிப்பு கலந்த மணம்தான் மிஞ்சும்.

சீஸ் விவகாரத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. தோஃபினே ஊர்க்காரர்கள் சீஸ் என்றாலே முகம் சுளிப்பார்கள். அது பக்கத்துச் சவ்வா பகுதியின் வழக்கம், அங்கே கிரீமுக்குப் பதில் இறைச்சிச் சாறும் போஃபோர் சீஸும். ஆனால் பிரெஞ்சுச் சமையலின் சட்டப்புத்தகமாக மதிக்கப்படும் எஸ்கொஃபியேயின் 1903ஆம் ஆண்டு நூலில், தோஃபினுவா என்ற பெயரிலேயே முட்டையும் குருயேர் சீஸும் இருக்கின்றன. அறிவியல் இந்தச் சண்டையில் ஒரு பக்கம் சாய்கிறது என்றால், ஊர்க்காரர்கள் பக்கம்தான். கழுவாத கிழங்கும் போதிய கிரீமும் இருந்தால் சாறு தானாகக் கெட்டிப்படும். முட்டைக்கு அங்கே வேலை இல்லை. சீஸ் நிறம் தருகிறது, உப்பும் தருகிறது. கிழங்கு, பால் இரண்டின் மென்மையான வாசத்தையும் அமுக்கிவிடுகிறது.

ஓவனிலிருந்து எடுத்தவுடன் பரிமாறினால் சாறு தட்டில் ஓடும். உப்பிய மணிகளும் அவற்றிலிருந்து கசிந்த அமைலோஸ் என்ற மாவுச்சத்து இழைகளும் சூடாக இருக்கும்வரை தளர்ந்துதான் இருக்கும். ஆற ஆறத்தான் ஒன்றோடொன்று சிக்கி வலைபோல் இறுகும். பதினைந்து நிமிடம் மேடையில் விட்டால் போதும். ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்தால் அமைலோஸ் இழைகள் படிகமாக அடுக்கிக்கொண்டு, மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிமான நொதிகளுக்கு எளிதில் மசியாத வடிவத்துக்கு மாறிவிடும். உணவகச் சமையல்காரர்கள் அந்த இறுக்கத்தைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்வார்கள். பாத்திரத்தின் மேல் கனமான தட்டை வைத்து இரவு முழுக்க அழுத்தி, மறுநாள் செங்கல் கட்டியாக அறுத்து, ஓரங்கள் சிவக்கும்வரை தோசைக்கல் போன்ற தட்டையான வாணலியில் புரட்டி எடுப்பார்கள். மைக்ரோவேவில் சூடுபடுத்துவதை அவர்கள் தவிர்ப்பார்கள். அங்கங்கே பட்டென்று கொதித்து, நெய் பிரிந்துவிடும்.